முளைக்கீரையின் குடியுரிமை

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் அப்படியே காற்றோடு போய்விட்டது. அந்தக் காலத்தில் கூட்டக் குறிப்பு எழுத ஒரு செயலர் இல்லாததுதான் காரணம். 'உள்ளூர்' என்றால் என்ன என்று கண்டுபிடித்தவர்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது. ஆகவே இதை எழுதுகிறேன். கண்டுபிடித்தது புதுச்சேரியில், எங்கள் குழுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, வடைக்கும் காபிக்கும் நடுவில். செயலர் நான்தான்.

குழுவின் முழுப் பெயர் 'புதுச்சேரி நகர நீடித்த நிலைத்த உள்ளூர் உணவு முறைமை உருவாக்க வழிகாட்டுக் குழு'. முழுசாகச் சொல்வதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் 'உணவுக் குழு' என்போம். நோக்கம் உன்னதமானது. நகரத்தார் பக்கத்தில் விளைந்ததைச் சாப்பிட வேண்டும். எங்கிருந்தோ வரும் லாரி குறைய வேண்டும், புகை குறைய வேண்டும், சுற்றுவட்டாரத்து உழவர் பிழைக்க வேண்டும். இதில் யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் குழு போட்டார்கள்.

தலைவர் உத்திராபதி. அவருக்குப் பிரெஞ்சில் தெரிந்தது நாலே வார்த்தை. இரண்டு வணக்கம், ஒன்று நன்றி, மிச்சம் ஒன்று 'வுவாலா'; 'இதோ, முடிந்தது' என்று அர்த்தமாம். ஆனாலும் 'முசே' என்று கூப்பிட்டால்தான் அவருக்குக் காது கேட்கும். 'சார்' என்றால் ஜன்னல் பக்கம் பார்ப்பார். ஆலோசகர் சுமலதா மேடம், பெங்களூர்க்காரர். "நம்ம தட்டுல இருக்கற ஒவ்வொரு பருக்கையும் எவ்வளவு தூரம் டிராவல் பண்ணி வந்திருக்குன்னு நாம யோசிக்கணும்" என்பார். அப்படி யோசிப்பதற்காகவே வாரா வாரம் பெங்களூரிலிருந்து ஏசி பஸ்ஸில் டிராவல் பண்ணி வருவார். தியாகம் என்றால் அதுதான்.

கூட்டம் நடப்பது கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர் பங்களா ஒன்றில். வாசலில் ஒரு பூவரச மரம். மரத்தடியில் அஞ்சலாட்சி என்ற அம்மாள் கீரை விற்பார். சேதராப்பட்டுக்கு அப்பால் கிராமம். விடிகிற நேரத்து பஸ்ஸில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினால், அந்தப் பகுதி வீட்டுக்காரர்கள், ஓட்டல்காரர்கள், சாமான் வாங்க வரும் வெள்ளைக்காரிகள் வரைக்கும் அவரிடம்தான் முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி. எங்கள் கூட்டத்து முளைக்கீரை வடையும் அவர் கீரைதான். சும்மா சொல்லக் கூடாது, அந்த வடைக்காகவே சில உறுப்பினர்கள் பொதுச் சேவைக்கு வந்தார்கள்.

அதாவது, நாங்கள் உருவாக்க வேண்டிய உள்ளூர் உணவு முறைமை ஏற்கெனவே வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஏற்கெனவே இருப்பதை எப்படி ஐயா உருவாக்குவது? அதற்கு எந்தத் தலைப்பில் நிதி கேட்பது? எங்கள் கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும்.

சுமலதா மேடம் முதல் நாளே அஞ்சலாட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கேமரா வந்தது.

"அம்மா, கூடையைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிங்க. சிரிங்க."

"இரும்மா, நாளைக்கு நல்ல பொடவ கட்டிக்கினு வர்றேன். இது பழசு."

ஆரஞ்சு நிறத்தில் பச்சைக் கிளி போட்ட புடவை அது. முந்தானைப் பக்கம் நைந்து போயிருந்தது.

"வேணாம்மா, இதுதான் அத்தென்டிக்."

"இன்னாது?"

"அசல்."

"கிழிசல்னு சொல்லிட்டுப் போயேன்" என்று சிரித்தார் அஞ்சலாட்சி. அந்தச் சிரிப்பைத்தான் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு ஊர் முழுக்க நின்றது. பெரிய பெரிய பலகை. இடுப்பில் கூடை, கூடை நிறைய முளைக்கீரை, கீழே கொட்டை எழுத்தில் 'உள்ளூரில் விளைந்ததையே உண்போம்'. மூலையில் ஒரு முக்கியப் பிரமுகர் கும்பிட்டபடி இருந்தார். பங்களா வாசலிலும் ஒன்று வைத்தோம். அதன் இரும்புக் கால்களைப் பூவரச மரத்தடியில் நட்டதால் அஞ்சலாட்சி கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. தன் படத்துக்குத் தானே இடம் விட்டுக் கொடுக்கும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்!

அன்று தலைவர் அவரிடம் வாக்குக் கொடுத்தார். "இந்தத் தெருவுலயே உள்ளூர்ச் சந்தை வரப்போவுதும்மா. சான்றிதழ் உள்ளவங்க மட்டும்தான் விக்கலாம். மொத சான்றிதழ் உனக்குத்தான்."

"சான்றிதழ் இன்னாத்துக்கு முசே எனக்கு? இந்த மரத்தடி போதும். மில்லு மூடினதுலேர்ந்து எங்க ஊட்டுக்காரரு சும்மாதான் குந்திக்கினு இருக்காரு. மொத்த வியாபாரிக்குப் போட்டா பஸ்ஸு காசுகூடத் தேறாது. இந்த வாசல்ல விக்கறதுதான் எங்க அடுப்பு. இத மட்டும் என்கிட்டேர்ந்து புடுங்கிடாதீங்க, புண்ணியமாப் போவும்."

"சேச்சே" என்றார் தலைவர். "சேச்சே" என்று நானும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இனி அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

"சான்றிதழ் குடுக்கணும்னா, உள்ளூர்னா என்னன்னு மொதல்ல டிஃபைன் பண்ணணும்" என்றார் சுமலதா மேடம். கூட்டம் ஆடிப்போய்விட்டது. அதுவரை அந்தச் சொல்லை வடையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தோமே ஒழிய, வாயிலிருந்து எடுத்துப் பார்த்ததில்லை.

"ஐம்பது கிலோமீட்டர்னு வச்சிக்கலாமே, பல ஊர்ல அப்படித்தான்" என்றார் மேடம்.

தலைவர் எழுந்து சுவரிலிருந்த வரைபடத்துக்குப் போனார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் எல்லை நேராக ஓடாது. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அந்த நாளில் ஊர் ஊராகப் பங்கு போட்டுக்கொண்டதில் ஒரு தெரு பாண்டி, அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்த கழனி மறுபடியும் பாண்டி. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் மாநிலம் மாறி மாறி மாறும். இது போக, தெற்கே தள்ளி காரைக்கால் ஒரு துண்டு. கேரளாவுக்குள்ளே மாகே ஒரு துண்டு. ஆந்திராவுக்குள்ளே ஏனாம் ஒரு துண்டு. ஏனாமுக்குப் போக வேண்டுமானால் ராத்திரி ரயிலேறி, தூங்கி எழுந்து, பல் விளக்கி, இட்லி தின்று, அதற்கப்புறமும் பஸ் பிடிக்க வேண்டும்.

தலைவர் வரைபடத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "வட்டம் போட்டா விழுப்புரம் வருது. திண்டிவனம் வருது. கடலூர் வருது. இதெல்லாம் எந்த ஸ்டேட்டுய்யா?"

"தமிழ்நாடு, முசே" என்றேன்.

"அடுத்த ஸ்டேட்டுக் கத்திரிக்காய்க்கு நம்ம காசுல சான்றிதழா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா உன் தலையையா அடகு வைப்பே?"

ஆடிட் என்றதும் வடையில் நீட்டிய கைகள்கூடப் பின்வாங்கின. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'உள்ளூர் என்பது புதுச்சேரி யூனியன் பிரதேச எல்லைக்குள் விளைந்ததும், மேய்ந்ததும், நீந்தியதும் ஆகும்.'

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். "அப்ப ஏனாம், முசே?"

"ஏனாம் நம்மளுது இல்லையா?"

"நம்மளுதுதான்."

"மாகே?"

"அதுவும் நம்மளுதுதான்."

"அப்புறம் என்னய்யா? வுவாலா!"

எல்லோரும் சுமலதா மேடத்தைப் பார்த்தோம். தட்டிலுள்ள பருக்கை டிராவல் பண்ணுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஆயிற்றே! மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஆலோசகர்கள் கண்ணை மூடினால் எங்கோ ஒரு புதுச்சொல் பிறக்கிறது என்று அர்த்தம்.

"நிர்வாக அருகாமை" என்றார் கண்ணைத் திறந்து.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஆயிரம் பொறியாளர்கள் சேர்ந்தாலும் ஏனாமைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க முடியுமா? மேடம் உட்கார்ந்த இடத்தில் வைத்தார். காபி வந்தது.

மீனுக்குத் தனியாக ஒரு துணைக்குழு போட்டோம். அவர்கள் எங்கள் வடக்கு எல்லை மீனவ ஊரான கனகசெட்டிக்குளம் போய், கரைக்கு வந்த அய்யப்பன் என்பவரிடம், இந்த மீன்கள் பிடிபட்ட கடல் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று மரியாதையாகக் கேட்டார்கள். வடக்கே கொஞ்சம் போனாலே தமிழ்நாட்டுக் கடல் அல்லவா?

"கடல்ல கோடா போட்டிருக்கு? நான் பாட்டுக்கு வலை போட்டேன். அது பாட்டுக்கு வந்து மாட்டிக்கிச்சு. வேணும்னா அதையே கேட்டுக்க" என்று ஒரு சங்கரா மீனைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறார். துணைக்குழு இன்னும் அறிக்கை தரவில்லை. மீன் ஒத்துழைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் சான்றிதழ் அஞ்சலாட்சிக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தோமே, அதற்காக அவர் கொல்லைக்கு நேரடி ஆய்வுக்குப் போனோம். நீடித்த வளர்ச்சி என்பதால் ஆளுக்கொரு கார் வேண்டாம், மூன்று காரே போதும் என்று கட்டுப்பாடாகப் போனோம். அவர் வீடு பாண்டி. ரேஷன் கார்டு பாண்டி. ஓட்டு பாண்டி. வீட்டு வாசலில் ஒரு ஒற்றை ரோடு. ரோட்டுக்கு எதிரே கொல்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பாத்தி பாத்தியாகக் கீரை. மேடம் பூரித்துப்போய் செருப்பைக் கழற்றி மண்ணில் நின்றார். அப்போதுதான் என் காலில் ஒரு கல் இடறியது. எல்லைக் கல்!

தலைவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "ஏம்மா, இந்தப் பாத்தி எந்தப் பக்கம்?"

"கெழக்குப் பக்கம்."

"அது இல்லம்மா. பாண்டியா, தமிழ்நாடா?"

"எங்க மாமனாரு கொல்லை."

"பட்டா எங்க போட்டுது?"

"ஓ, அதுவா! வானூர் ஆபீசுல. ரோட்டுக்கு இந்தாண்ட தமிழ்நாடு. அந்தாண்ட, எங்க ஊடு, பாண்டி. ஏன், இன்னா இப்ப?"

தலைவர் கல்லையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் நாங்கள் நியாயஸ்தர்கள். எடுத்த எடுப்பில் நிராகரிக்க மாட்டோம். தீர விசாரித்தோம்.

"தண்ணி?" என்றார் தலைவர்.

"கெணறு ஊட்டாண்ட. ரோட்டுக்கு அடியில கொழா போட்டு வருது."

"பாண்டித் தண்ணி ஏற்றுமதி ஆவுது, எழுதிக்கய்யா. எரு?"

"மாட்டெரு. மாடும் ஊட்டுலதான்."

"பாண்டி மாடு" என்று மேடம் நிமிர்ந்தார். "எங்க மேயுது?"

"எங்க பச்சையா இருக்குதோ அங்க."

'இருமாநில மாடு' என்று குறித்துக்கொண்டேன். இப்படியே பார்த்துக்கொண்டு வந்தபோது ஓரத்தில் ஒரு முருங்கை மரம் அகப்பட்டது. மரம் நின்றது தமிழ்நாட்டில். ஆனால் ஒரு கிளை மட்டும் ரோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நீண்டு, காய்களைப் பாண்டிக் காற்றில் தொங்கவிட்டிருந்தது. தலைவர் கண் கலங்கிவிட்டார். என்ன இருந்தாலும் தேசப்பற்றுள்ள கிளை. அங்கேயே கார் பானெட்டின் மேல் வைத்துச் சான்றிதழ் எழுதப்பட்டது: 'முருங்கைக்காய், மேற்குக் கிளை மட்டும், உள்ளூர். கீரை வகைகள் அனைத்தும் வெளிமாநிலச் சரக்கு. நிராகரிக்கப்பட்டது.'

படித்துக் காட்டியபோது அஞ்சலாட்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் ஏறியது.

"ரோட்டத் தாண்டினா வெளிமாநிலமா? என் கோழி ஒரு நாளைக்குப் பத்து தடவ தாண்டிட்டு வருது, அத எவனாவது கேட்டீங்களா? ஐயா, கீர இல்லாம அந்த வாசல்ல நான் எதைப் பரப்பி வச்சிக் குந்துவேன்? ஒத்தக் கெள முருங்கக்காயிலயா குடும்பம் ஓடும்?"

பாவமாகத்தான் இருந்தது. தலைவர் காரில் ஏறிவிட்டதால் ஆறுதல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"மனசத் தளர விடாதீங்கம்மா" என்றேன். "ஏனாம்ல சொந்தக்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அங்க விளையறது எல்லாமே உள்ளூர்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் குறிப்பில் எழுதவில்லை.

உள்ளூர்ச் சந்தையின் திறப்பு விழா. தெருவில் தோரணம், சங்கு, நாதஸ்வரம், தென்னங்கீற்றுப் பந்தல். கேரளாவுக்குள்ளிருந்து வந்த உள்ளூர் நேந்திரம்பழம் ஒரு பக்கம். ஆந்திராவுக்குள்ளிருந்து வந்த உள்ளூர் இறால் ஐஸ் பெட்டிக்குள் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் நடுவே, ஏனாமிலிருந்து மதிவாணன் என்ற ஒப்பந்தக்காரர் குளிர்சாதன லாரியில் இறக்கிய முளைக்கீரை. அடேங்கப்பா, என்ன கீரை! பனி முத்துகூட உலரவில்லை. சிறப்பு விருந்தினர் ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கோதாவரித் தண்ணி வாசனை" என்றார் கிறங்கிப்போய். "நம்ம மண்ணு நம்ம மண்ணுதான்யா. தமிழ்நாட்டுக் கீரையில இது வருமா?"

"வராதுங்க" என்றார் தலைவர். மேடம் அதைக் காணொளி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சி வந்தார். மேற்குக் கிளை முருங்கைக்காய்கள் ஒரு பிடி கையில். சட்டத்தை மதித்து அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார். உட்கார இடம் தேடிக்கொண்டே வந்தவர், கீரை மேடை முன்னால் அப்படியே நின்றார். குனிந்தார். ஒரு கட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் பொடவ" என்றார்.

நாதஸ்வரக்காரர் மூச்சை நிறுத்தினார்.

"எதும்மா புடவை? அது கீரை" என்றேன் நான்.

"கீரையும் என்னுதுதான். இந்தக் கட்டப் பாருய்யா. வாழநாரு வாங்கக் காசு ஏதுன்னு என் பழம் பொடவயக் கிழிச்சிக் கட்டினேன். இதோ கிளி. அதோ பாரு!"

விரல் மேலே காட்டியது. கூட்டம் முழுவதும் அண்ணாந்தது. பலகையில் அஞ்சலாட்சி ஆரஞ்சுப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் குனிந்தது. ஏனாம் கீரைக் கட்டில் அதே ஆரஞ்சுத் துணி, அதே பச்சைக் கிளி. கிளியின் தலை மட்டும் இந்தக் கட்டில் இருந்தது, உடம்பு அடுத்த கட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

"நேத்து சாயங்காலம் ஒருத்தன் வேன் எடுத்துக்கினு கொல்லைக்கே வந்தான். அத்தினியும் எடுத்துக்கறேன்னான். வாசல்ல விக்கக் கூடாதுன்னுட்டீங்களே, வாடி வீணாப் போவுதேன்னு வந்த வெலைக்குக் குடுத்தேன். என் கீரைய எனக்கே ஏனாம்னு காட்டறீங்க. நான் வித்தா வெளிமாநிலம், நீங்க வித்தா உள்ளூரா? இது அடுக்குமாய்யா?"

சிறப்பு விருந்தினர் கையிலிருந்த கட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தார். பக்கத்திலிருந்தவர் என் கையில் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று மாலையே விசாரணை. மதிவாணன் எதையும் மறைக்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

"லாரி ஏனாம்லேர்ந்துதான் முசே வந்துச்சி. கீரையும் அங்கதான் ஏத்தினேன், சத்தியமா. நெல்லூர் வர்றப்ப ஏசி நின்னுபோச்சி. தொறந்து பாத்தா உள்ள மசியலா இருக்குது, உப்பு போட வேண்டியதுதான் பாக்கி. திறப்பு விழாவுக்குக் காலி லாரியா வந்தா குழுவுக்கு அசிங்கமில்லையா? அதான் வர்ற வழியில நல்ல கீரையாப் பாத்து ரொப்பினேன்."

குழுவின் மானத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. தலைவர் தீர்ப்பை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"லாரி ஏனாம். டிரைவர் ஏனாம். பில்லு ஏனாம். கீரை மட்டும்தான் வேற. நாலுல மூணு உள்ளூர். ஜனநாயக நாட்டுல இதுக்கு மேல என்னய்யா வேணும்? ஆகையால மதிவாணன் மேல தப்பு இல்ல. அந்தம்மா வாயத் தொறக்கற வரைக்கும் அது உள்ளூர்க் கீரைதான். தொறந்தாங்க, வெளிமாநிலமாயிடுச்சு. யார் மேல தப்பு? வுவாலா!"

எனக்குப் புல்லரித்தது. 'வெளிமாநிலக் கீரையை உள்ளூர்ச் சந்தையில் அடையாளம் காட்டிய குற்றத்துக்காக' அஞ்சலாட்சியின் கிளைச் சான்றிதழ் ரத்து. சான்றிதழ் இல்லாதவர் தெருவில் விற்கக் கூடாது என்பதால் பூவரச மரத்தடியும் காலி. முடிவைத் தெரிவிக்கும் பொறுப்பு, செயலர் என்ற முறையில், என்னிடம் வந்தது.

மறுநாள் காலை போனேன். மரத்தடியில், பலகையின் இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவில், வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். போடவில்லை. சாக்கை மடித்தார். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி சார். நான் எழுந்துட்டேன். அவ?"

"யாரும்மா?"

"மேல நிக்கறாளே, அவ. அவ கூடையில இருக்கறதும் அந்தக் கொல்லக் கீரதான். எனக்கு எடமில்லன்னுட்டு அவளுக்கு மட்டும் எப்படி சார் குடுத்தீங்க?"

அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு பெரிய விதிமீறல்! ஊர் முழுக்க, எங்கள் செலவிலேயே, நிராகரிக்கப்பட்ட வெளிமாநிலக் கீரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆடிட்டில் கேட்டால்? அஞ்சலாட்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நான் பங்களாவுக்குள் ஓடினேன்.

அவசரக் கூட்டம். பலகையை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். மூலையில் கும்பிடுகிறவரை யார் இறக்குவது என்று தலைவர் கேட்டதும் அந்த யோசனை அங்கேயே படுத்துவிட்டது. சுமலதா மேடம் கண்ணை மூடினார். திறந்தார்.

"கீரைய மட்டும் அழிச்சிடலாம்."

பெங்களூரில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம். கம்ப்யூட்டரிலேயே களை எடுத்துவிடுவார்களாம்.

இதற்கிடையில் அஞ்சலாட்சி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கொல்லை ஓரத்திலேயே முருங்கை மரத்தடியில் கீரையைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் உறுப்பினர்களின் வீட்டம்மாக்கள் அந்தக் கீரை இல்லாமல் சோறு இறங்காது என்று அடம்பிடிப்பதால், வாரம் இரண்டு முறை குழுவின் கார் அங்கே போய் வருகிறது. ஒரு நாள் எல்லைச் செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொல்லி, பாட்டிலைத் தேடியவர்கள் அடியில் முளைக்கீரையைக் கண்டு குழம்பிப்போனார்கள். எங்கள் ஊரிலிருந்து சாராயம் வெளியே போகக் கூடாது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். கீரை உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கார் வந்தா நாலு கட்டுப் போவும். மிச்சம் மாட்டுக்கு" என்றார் அஞ்சலாட்சி, நான் ஒருமுறை போயிருந்தபோது. வீட்டுக்காரர் இப்போது தட்டாஞ்சாவடியில் ஏதோ பட்டறைக்கு ராத்திரிக் காவலுக்குப் போகிறாராம். இருமல் வேறு. "நீங்க நல்லாருங்க சார்" என்றார். அதைத் திட்டாகவே எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு வடை இறங்கவில்லை.

திருத்திய பலகைகள் போன வாரம் வந்து சேர்ந்தன. பெங்களூர் வேலை என்றால் சும்மாவா? ஒரு இலை மிச்சமில்லை. அதே பூவரச மரத்தடியில், அதே கிளிப் புடவையில், இடுப்பில் வெறுங்கூடையை வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி அதே சிரிப்பைச் சிரிக்கிறார். கீழே 'உள்ளூரில் விளைந்ததையே உண்போம்'. மூலையில் அதே கும்பிடு.

இவ்வளவுக்குப் பிறகும் சில பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள்: இத்தனை மாதம் கூடிக் கூடிப் பேசி, வடை தின்று, காபி குடித்து, உங்கள் குழு என்னத்தை ஐயா விளைவித்தது?

தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தச் சிரிப்பு அவளுடையது. கிழிந்த புடவை அவளுடையது. கூடையும் அவளுடையதுதான். கூடைக்குள்ளே இப்போது இருக்கிறதே, அது மட்டும்தான், நூற்றுக்கு நூறு, எங்கள் குழு விளைவித்தது.